சித்தி நகராமல் நின்ற மூன்று மணி நேரம்

என் சித்தி தையல்காரி. அளவு எடுத்தால், எதிரில் நிற்பவர் சரிபார்க்கட்டும் என்று இரண்டு முறை உரக்கச் சொல்வாள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவன் "நம்பரைச் சரிபார்க்கணும்" என்றதும், அதே பழக்கத்தில் செல்போனுக்கு வந்த ஆறு இலக்கத்தையும் இரண்டு முறை ஒப்பித்துவிட்டாள். புது மெஷினுக்குச் சேர்த்த பணமெல்லாம் அவன் கணக்குக்குப் போய்விட்டது.

உடனே புகார் பதிவானால் அந்தக் கணக்கை முடக்கலாம் என்றார்கள் வங்கியில். காவல் நிலையத்துக்கு ஓடினோம்.

"நம்பரை யாருக்கும் சொல்லாதீங்கன்னு தொண்டை கிழியச் சொல்றோம், உங்களுக்கெல்லாம் பட்டாத்தான் புத்தி வரும்," என்றார் எழுத்தர். "நாளைக்கு வாங்க."

"நாளைக்குப் பணம் எங்க இருக்கும்? உங்க மாமியார் வீட்டுலயா?" என்றாள் சித்தி.

"வாயைப் பாரு! வெளிய போம்மா."

வேலைக்காகப் பல நாடுகள் சுற்றி, அங்குள்ள அலுவலகங்களில் பல்லைக் காட்டியே காரியம் சாதித்த நான், சித்தியின் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டு மேசை முன்னாலேயே நின்றாள். பின்னால் வரிசை கத்தத் தொடங்கியது. மூன்று மணி நேரம் கழித்துத்தான் எழுத்தர் புகாரைப் பதிவு செய்தார். அதற்குள் அவன் பாதிப் பணத்தை எடுத்திருந்தான்.

மறுநாள் நகல் வாங்கப் போனோம். "ஒரு நன்றிகூடச் சொல்லத் தெரியாதா?" என்றார் எழுத்தர்.

"நாங்க இங்க நின்ன நேரத்துலதான் பாதி போச்சு," என்றாள் சித்தி. "அதுக்கா?"