வெத்தலை வாங்கப் போன மாப்பிள்ளை

தலைப்பிரசவத்துக்குப் பெண்டாட்டியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்ட புருஷனுக்கு எங்கள் பக்கத்தில் ஒரு வேலையும் கிடையாது. வளைகாப்பு அன்றைக்கு வெள்ளை வேட்டி கட்டி ஒரு மூலையில் நிற்க வேண்டும். பிள்ளை பிறந்த தகவல் வந்தால் சீனிப் பொட்டலத்தோடு போய்ப் பார்க்க வேண்டும். நடுவில் வருகிற மாதங்களில் அவன் இருக்கிற இடம் தெரியாமல் இருப்பதுதான் மரியாதை. சும்மாச் சும்மாப் போய் எட்டிப் பார்க்கிறவனை, பொண்டாட்டி முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரிகிறவன் என்பார்கள். அப்படிப்பட்ட ஆட்களைப் பார்த்து நானும் பல் தெரியச் சிரித்தவன்தான்.

ஏழாம் மாதம் வளையல் போட்டு என் மனைவியைச் சோழவந்தானுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். எழுபதுகளின் கடைசி அது. நான் பழங்காநத்தத்தில் அம்மாவோடு இருந்தேன். காளவாசலில் ஒரு லாரி ஷெட்டில் புக்கிங் கிளார்க் வேலை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவள் போன அந்த வாரமே எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா வைத்த குழம்பு ருசிக்கவில்லை என்று அவளிடம் எரிந்து விழுந்தேன். குழம்பு எப்போதும் போலத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேன்ட் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "எங்கடா?" என்றாள் அம்மா. வாயில் வந்ததைச் சொன்னேன்.

"முதலாளிக்குச் சோழவந்தான் வெத்தலைன்னா உசுரு. வாங்கியாரச் சொன்னாரு."

சோழவந்தானில் இறங்கி மாமனார் வீட்டு வாசலில் நின்றபோதும் அதையேதான் சொன்னேன். மாமனாருக்கு ஆற்றோரம் சொந்தமாக வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. மனிதருக்கு வெற்றிலையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். "மாப்ள, ஒக்காருங்க, இந்தா வாரேன்" என்று கொடிக்காலுக்குப் போய், கொழுந்தாகப் பறித்து, ஒரு கவுளி அடுக்கி, வாழை நாரில் கட்டிக்கொண்டு வந்தார். நூறு வெற்றிலை. காசு எடுத்தேன், கையைத் தட்டிவிட்டார். அவர் போய் வந்த அந்த நேரத்தில் நான் என் மனைவியைக் கண்ணாரப் பார்த்துக்கொண்டேன். அவள் முறத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பிரசவ மருந்துக்கு இப்போதிருந்தே பூண்டு, கருப்பட்டி, சுக்கு என்று அத்தை சேர்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வெற்றிலைச் சாக்கு எனக்குப் பழக்கம் ஆகிவிட்டது. வாரா வாரம் போனேன். திங்கட்கிழமை காலையில் அதை ஷெட்டில் மூட்டை தூக்குகிற அண்ணன்மாருக்கு மறைவாகக் கொடுத்துவிடுவேன். மறைவாக ஏன் என்றால், எங்கள் முதலாளிக்கு வெற்றிலை என்றால் அப்படி ஒரு வெறுப்பு. ஷெட்டுச் சுவரெல்லாம் துப்பி வைக்கிறார்கள் என்று, 'இங்கே வெற்றிலை போட்டுத் துப்பாதே' என்று வாசலிலேயே பெரிய எழுத்தில் போர்டு மாட்டியிருந்தார். அந்த மனிதரைத்தான் நான் சோழவந்தானில் வெற்றிலைப் பிரியராக்கி வைத்திருந்தேன். மாமனார் ஒவ்வொரு வாரமும், "மொதலாளி என்ன சொன்னாக?" என்று ஆசையாகக் கேட்பார். "காரமே இல்ல, வெண்ணெய் மாதிரி இருக்குன்னாரு மாமா" என்பேன். கூசாமல் சொன்னேன்.

எட்டாம் மாதத்தில் ஒருநாள் என் மனைவி, பழைய வேட்டி இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கு முன்கூட்டிப் புதுத்துணி எடுக்கக் கூடாது. துவைத்துத் துவைத்துப் பஞ்சான பழந்துணிதான் வேண்டும். அத்தை தன் பழைய சேலைகளைக் கிழித்து மடித்து ஒரு டிரங்குப் பெட்டி நிறைய வைத்திருந்தார். ஆனால் இவளுக்கு என் வேட்டி வேண்டுமாம். அடுத்த வாரம் பைக்குள் அடியில் வைத்து, மேலே செய்தித்தாளைப் போட்டு மூடி, திருட்டுச் சாமான் கொண்டுபோகிறவன் மாதிரி கொண்டுபோனேன். அத்தை பையைப் பிடுங்கி வேட்டியை உதறினார். பின்பக்கம் இரண்டு கிழிசல். அப்படியே வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நல்லா மெதுவா இருக்கு" என்று சொல்லி, துவைத்து, தெருவுக்குத் தெரிகிற கொடியில் காயப்போட்டார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அன்றைக்குத்தான் அவள் அதைச் சொன்னாள். அத்தை பின்கட்டுக்குப் போயிருந்த நேரம். அவர்கள் தெருவில் அவளோடு படித்த பெண் ஒருத்தி போன வருஷம் பிரசவத்தில் போய்விட்டாளாம். புருஷன் வேறு ஊரில் இருந்தானாம். எல்லாம் முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தானாம்.

"எனக்குப் பயமா இருக்குங்க. வலி எடுத்துட்டா நீங்க வந்துருங்க. உள்ள வர விடமாட்டாக, தெரியும். வாசல்ல நின்னு யாருகிட்டயாச்சும் எதையாச்சும் பேசிட்டே இருங்க. ஒங்க சத்தம் காதுல விழுந்துட்டே இருந்தாப் போதும்."

"இம்புட்டுத்தானா? நான் பேசாம வேற யாரு பேசுவா" என்றேன். சொன்னேனே தவிர, அவள் கேட்டது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போதே தெரியும். லாரி ஷெட்டில் என் சத்தம் நாலு கடை தாண்டிக் கேட்கும். எஞ்சின் ஓடுகிறபோதே மூட்டைக் கணக்கைக் கத்திச் சொல்கிறவன் நான். மாமனார் வீட்டுப் படி ஏறினால் மட்டும் அதே தொண்டை கட்டிவிடும். அந்த வெற்றிலைப் பொய்யைத் தவிர, தண்ணீர் வேண்டும் என்று கேட்கக்கூட எனக்கு அங்கே வராது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.

அடுத்த வாரம் மானம் கப்பலேறியது. பிரசவ மருந்துச் சாமான் வாங்க மாமனார் மதுரைக்கு வந்தார். கீழமாசி வீதியில் நாட்டுமருந்துக் கடையில் வாங்கிக் கட்டிக்கொண்டு, திரும்புகிற வழியில், என்னிடம் சொல்லாமல் கொள்ளாமல் நேராக எங்கள் ஷெட்டுக்கு வந்துவிட்டார். கையில் மூன்று கவுளி வெற்றிலை. துவைத்த துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். நான் லாரிக்கு அந்தப் பக்கம் நின்றதால் அவரைக் கவனிக்கவில்லை. கவனித்தபோது அவர் முதலாளி மேசை முன்னால் நின்று, "நம்ம கொடிக்கால் வெத்தலைதாங்க, நீங்க விரும்பிப் போடுறதா மாப்ள சொன்னாரு" என்று சொல்லி முடித்திருந்தார்.

"வெத்தலையா? எனக்கா?" என்றார் முதலாளி. "யோவ் பெரியவரே, வாசல்ல போர்டைப் பாக்கலையா நீரு?"

மாமனார் திரும்பி போர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை. மூட்டை தூக்குகிறவர்களில் ஒருவர், "அண்ணே, வாராவாரம் திங்கக்கெழம நமக்கு வருமே, அந்த வெத்தலை!" என்று ஷெட்டே கேட்கச் சொன்னார். முதலாளிக்கும் விஷயம் பிடிபட்டுவிட்டது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மாமனார் சிரிக்கவில்லை. "சரி, இருக்கவக போட்டுக்கிறட்டும்" என்று வெற்றிலையை அந்த அண்ணனிடமே கொடுத்துவிட்டு, "வாரேன் மாப்ள" என்று போய்விட்டார். அவரை டீ குடிக்கக்கூட நான் கூப்பிடவில்லை. அவர் ஆசையாகக் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்ட பாராட்டெல்லாம் நான் கட்டிவிட்ட பொய் என்று அவருக்குத் தெரிந்துபோன அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அதற்குப் பிறகு நான் சோழவந்தான் பக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன். "மொதலாளிக்கு வெத்தலை வேணாமாடா?" என்று அம்மா கேட்டாள். அவள் தெரிந்து கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அங்கே ஒருத்தி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று தெரியும். தெரிந்தும் போகவில்லை.

ஒருநாள் காலையில் ஷெட்டுக்கு போன் வந்தது. முதலாளிதான் எடுத்தார். கேட்டுவிட்டு வைத்தவர், "யோவ், ஒன் மாமனாரு தபாலாபீசுல இருந்து பேசுறாரு. ஒம் பொண்டாட்டிக்கு வலி எடுத்துருச்சாம். ஒன்னையக் கேக்குதாம். ஓடு" என்றார். நான் கிளம்பும்போது பின்னாலிருந்து, "வெத்தலை எனக்கு வேணாம்யா!" என்று கத்தினார். ஷெட்டே சிரித்தது.

பிள்ளை பிறந்த பிறகுதான் மாப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவது வழக்கம். வலி எடுத்ததும் போன் போட்டார் என்றால், அவள் எவ்வளவு கேட்டிருப்பாள் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனேன். அந்தப் பொய்க்குப் பிறகும் மாமனார் எனக்காகத் தபாலாபீஸ் வரை நடந்திருக்கிறார் என்பதையும் யோசித்தேன்.

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் ஏழெட்டு ஆம்பிளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் மாமனாரின் பங்காளிகள், பக்கத்து வீட்டுக்காரர்கள். "வாங்க மாப்ள" என்றார்கள். ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினார். வெற்றிலைக் கதை ஊர் முழுக்கத் தெரிந்திருக்கிறது. பிரசவ அறையின் ஜன்னல் தெருப்பக்கம்தான். சேலையைப் போட்டு மறைத்திருந்தார்கள். உள்ளே நர்சம்மா அதட்டுகிற சத்தமும் அத்தையின் சத்தமும் கேட்டது. நடுவில் அவள் முனகுவது கேட்டது.

பேசிக்கொண்டே இருந்தால் போதும் என்று சொல்லியிருந்தாள். நான் மரத்தில் சாய்ந்து நின்றேன். மழை உண்டா, வயல் எப்படி என்று யாரிடமாவது கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை வரவில்லை. அவர்கள் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன். மாமனார் என் பக்கத்தில் வந்து நின்று, "மதுரையில வெயில் எப்படி மாப்ள?" என்றார். எனக்குப் பேச்சுக் கொடுக்கிறார் என்று புரிந்தது. அதற்கும் தலையைத்தான் ஆட்டினேன்.

அப்போது உள்ளேயிருந்து அவள் கத்தினாள். அப்படி ஒரு சத்தத்தை நான் அவளிடம் கேட்டதே இல்லை. எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்து, லாரி ஷெட்டில் கத்துகிற குரலில், தொண்டை கிழியக் கத்திவிட்டேன்.

"நான் வெத்தலை வாங்க வந்துருக்கேன்!"

மரத்தடியே குலுங்கியது. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே நர்சம்மா, "யாரும்மா அது?" என்று கேட்டதும் அத்தை ஏதோ சொன்னதும் கேட்டது. நர்சம்மாவும் சிரித்துவிட்டார். மாமனார்கூட, வாழ்க்கையில் முதல் தடவையாக என் எதிரில், வாய்விட்டுச் சிரித்தார்.

நான் நிற்கவில்லை. காது இரண்டும் கொதித்தது. தெருவைத் தாண்டி, கொடிக்காலைத் தாண்டி, வைகை மணலில் போய் உட்கார்ந்துகொண்டேன். செத்துப்போய்விடலாம் போல இருந்தது. ஆற்றில் தண்ணீர் ஓரமாக ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து வீட்டுச் சத்தம் எதுவும் கேட்காது. அதற்காகத்தான் அங்கே போனேன். பொழுது சாய்கிற நேரத்தில் மாமனாரே தேடிக்கொண்டு வந்தார். "பொம்பளப் புள்ள மாப்ள. ரெண்டு பேரும் நல்லா இருக்காக" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

உள்ளே போனபோது பிள்ளையை என் கிழிந்த வேட்டியில்தான் சுற்றி வைத்திருந்தார்கள். அத்தை நாசூக்காக வெளியே போனார். என் மனைவி வதங்கிப்போய்ப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"கேட்டுச்சு" என்றாள். "அந்த வலியிலயும் சிரிச்சுட்டேன். அம்புட்டு வலியும் ஒரு நிமிசம் எங்க போச்சுன்னே தெரியல."

எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, கோபம் எதுவும் இல்லாமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"இன்னொரு தடவ கத்துவீகன்னு காதைத் தீட்டிக்கிட்டே கெடந்தேன். ஒங்களுக்கு என்னமோ ஆயிப்போச்சோன்னு பயந்துட்டேன்."

நான் ஆற்றுக்குப் போனதைச் சொல்லவில்லை. மாமனாரும் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் என் பேன்ட் காலில் ஒட்டியிருந்த மணலை அவள் பார்த்தாள். கையை நீட்டித் தட்டிவிட்டாள்.

இப்போதும் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணம், காதுகுத்து என்றால் யாராவது அந்தக் கதையை எடுத்துவிடுவார்கள். லாரி ஷெட்டு, போர்டு, வெத்தலை, கடைசியில் அந்தக் கத்தல். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஊர் சிரித்ததால் வந்த வெட்கம் எனக்கு எப்போதோ போய்விட்டது. அவர்களுக்குக் கதை அந்தக் கத்தலோடு முடிந்துவிடுகிறது. அவளும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள். அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை அவள் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்ததை இத்தனை வருஷத்தில் அவள் வேறு யாரிடமும் சொன்னதில்லை.