வீட்டுக்குள்ளே மட்டும் தெரிந்த படம்

என் அக்காவைப் பார்த்து "எப்பப் பாரு போனா?" என்று கேட்ட சூப்பர்வைசரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. போனில் அவள் பார்த்தது அப்பாவை ஐயா, அப்பாவை! தையல் கம்பெனியில் காலர் வைக்கிறவள் அவள். டீ இடைவேளையில் டீயைக்கூடத் தொடாமல் வீட்டுக் கேமராவைத் திறப்பாள். பாத்ரூம் போகிற சாக்கிலும் திறப்பாள். அப்பாவுக்கு மறதி முற்றிவிட்டது. ரிட்டயர் ஆனதையே மறந்து, நேரமாகிவிட்டது என்று வேலைக்குக் கிளம்பிவிடுவார். அவர் சட்டையை மாட்டினால் எனக்குப் போன் வரும், தெருமுனை மருந்துக்கடையில் வேலை பார்க்கிற நான் ஓடுவேன். "பூட்டிட்டுப் போயேன்" என்று புத்தி சொன்ன சொந்தங்கள் உண்டு. தீப்பிடித்தால் அவர்களா வந்து திறப்பார்கள்?

இதில் மண்ணை அள்ளிப் போட்டது இன்டர்நெட் கம்பெனி. பழைய ரவுட்டரைக் கழற்றிப் புதுசு மாட்டினார்கள். அன்றோடு அக்காவின் போனில் படம் போச்சு. விஷயம் ஒன்றும் பெரிதில்லை. வெளியுலகுக்கு எங்கள் வீடு முழுவதற்கும் ஒரே விலாசம்தான். வெளியிலிருந்து அக்கா கூப்பிட்டால், அதைக் கேமராவிடம் அனுப்ப வேண்டும் என்று ரவுட்டரில் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். பழையதில் அவளே எழுதியிருந்தாள். புதியதன் பாஸ்வேர்டைத் தரமாட்டார்களாம். அவர்கள் ஆள்தான் வந்து தொட வேண்டுமாம்!

ஆள் வந்தார். சோபாவில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு வைஃபையிலேயே தன் போனை இணைத்து, கேமராவைத் திறந்தார். "சூப்பரா தெரியுதே மேடம்!" புகார் தீர்ந்தது என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்குள்ளே தெரியாமல் எங்கே போகும்? மறுபடி புகார் கொடுத்தாள். மறுபடி அதே சோபா, அதே சூப்பர்.

மூன்றாம் தடவை நான்தான் கதவு திறந்துவிட்டேன். "அண்ணே, கதவைச் சாத்தியே வைங்க, அப்பா வெளிய போயிடுவாரு" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுக் கடைக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் அவர் அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்.

"மேடம், கட்டில், தலகாணி எல்லாம் பளிச்சுனு தெரியுது."

"அப்பா?"

"யாரும் இல்லையே மேடம்."

ஒயர் எடுக்க வண்டிக்குப் போனவர் கதவைத் திறந்தபடியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அக்கா எனக்குப் போன் போட்டு அலறினாள். நான் செருப்புகூடப் போடாமல் ஓடினேன். மெயின் ரோட்டின் நடுவில் நின்று அப்பா பஸ்ஸுக்குக் கை காட்டிக்கொண்டிருந்தார். அவர் தோளை ஒட்டினாற்போல ஒரு லாரி பிரேக் போட்டு நின்றிருந்தது.

அவரைக் கூட்டிவந்து படுக்க வைத்தேன். அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தபோது அந்த மனிதர் சோபாவில்தான் இருந்தார். "இப்பப் பாருங்க மேடம், அப்பாவும் தெரியறாரு" என்று போனை வேறு நீட்டினார். அடப்பாவி!

அக்கா திட்டப்போகிறாள் என்று பார்த்தால், அவரை எழுப்பித் தெருவுக்குக் கூட்டிப்போனாள். கதவைச் சாத்தினாள்.

"உங்க போன்ல வைஃபையை அணைங்க. அணைச்சாச்சா? நான் தினமும் இப்படித்தான் வெளிய நிக்கிறேன். இப்பச் சொல்லுங்க, எங்கப்பா உள்ள என்ன பண்றாரு?"

அவர் போனைத் தட்டினார். இன்னொரு தடவை தட்டினார்.

"படமே வரலையே மேடம்" என்றார்.

"அதைத்தானே நான் இத்தனை நாளா கத்திக்கிட்டிருக்கேன்!" என்றாள் அக்கா.