விருப்பப்பாடம்: சர்வதேச உறவுகள்

பி.ஏ.வைத் தனித்தேர்வராக எழுத விண்ணப்பித்த வருஷம் நான் புதுக்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் டிரேசராக இருந்தேன். கண்மாய், மதகு வரைபடங்களின்மேல் மெழுகுத்துணியை விரித்து மையால் படியெடுக்கும் வேலை. விண்ணப்பத்தில் ஒரு கட்டம் மட்டும் நிரம்பவில்லை. விருப்பப்பாடம்: பொது நிர்வாகம் அல்லது சர்வதேச உறவுகள்.

வழக்கம்போல் பட்டியல் போட்டேன். பொது நிர்வாகம்: பதவி உயர்வுக்கு உதவும், பழைய கேள்வித்தாள் கிடைக்கும், பக்கத்து மேசைக்காரர் நோட்டுத் தருவார். சர்வதேச உறவுகளின் கீழ் ஒரே ஒரு சொல்: பர்மா.

அப்பா அங்கே ஒரு கடையில் வேலை பார்த்தார். யுத்தம் நெருங்கியபோது ஆத்தாவையும் கைக்குழந்தையான என்னையும் கப்பலேற்றிவிட்டு, கடையைப் பூட்டிவிட்டு வருவதாகச் சொல்லி நின்றுகொண்டார். யுத்தம் முடிந்தபின் அவ்வப்போது கடிதம் வந்தது. எனக்கு எட்டு வயதில், பர்மா சுதந்திரம் பெற்ற வருஷம், அதுவும் நின்றது.

அவர் முகம் எனக்குத் தெரியாது. ஆத்தா சொன்ன அடையாளங்கள் மூன்று: வலது தோள் சரிந்திருக்கும், இடது செருப்பு முதலில் தேயும், நெற்றியில் அம்மைத் தழும்பு. அவற்றில் இரண்டு பொருந்திய ஆட்களின் பின்னால் திருமயம் பஸ் நிறுத்தத்தில் நடந்திருக்கிறேன். ஒருவர் திரும்பி, “யாரைம்மா தேடுறீங்க?” என்றார். பஸ் எப்போது என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வருஷந்தோறும் அவர் நட்சத்திரத்தன்று ஆத்தா விராலிமலைக்குப் போய் அவர் பெயரில் அர்ச்சனை செய்வாள். அர்ச்சனை உயிரோடிருப்பவருக்கு. திதி கொடுக்கச் சொன்ன பங்காளிகள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார்கள்.

அலுவலகத்தில் தலைமை வரைவாளர் விண்ணப்பத்தை எட்டிப் பார்த்தார்.

“உள்ளூர் உறவுக்காரனையே ஒரு கல்யாணத்துல சமாளிக்க முடியலை. ஒனக்குச் சர்வதேச உறவு கேக்குதாக்கும். பேசாம நிர்வாகத்தை எடும்மா, நாளைக்கு எங்களை வெரட்டலாம்.”

“அதைப் படிக்காமலே வெரட்டுவேன் சார்.”

மறுநாள் நூலகத்தில் பாடத்திட்டத்தையும் ஒரு பாடநூலையும் பார்த்தேன். அயல்நாட்டில் தங்கியோர் என்றொரு தலைப்பு. அதன் கீழே, பர்மாவில் தங்கிவிட்ட இந்தியர் சிலர் அந்நாட்டுக் குடிமக்களாகப் பதிந்துகொண்டு அங்கேயே குடும்பமாக வாழ்கிறார்கள் என்று ஒரு வரி. எங்கள் வீட்டில் இரண்டு சாத்தியங்களே பேசப்பட்டன: இருக்கிறார், இல்லை. மூன்றாவதை நான் எந்தப் பட்டியலிலும் எழுதியதில்லை. அன்று பிற்பகல் ஒரு கண்மாய்க்கரையை இருமுறை தவறாக இழுத்து, மையைச் சுரண்டி அழித்தேன். துணிக்கு அடியிலிருந்து யாரோ பார்ப்பதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆத்தா புளி ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“ஆத்தா, நான் எடுக்கலாமான்னு பாக்குற பாடத்துல பர்மா வருது.”

“வந்தா?”

“அங்கிட்டே இருந்துட்டவுகளுக்கு என்ன ஆச்சுன்னு தெரியலாம்.”

அவள் கை நின்றது. “செத்துட்டாகன்னு தெரிஞ்சா திதி குடுத்துருவேன். உசுரோட இருந்துக்கிட்டே வராம இருந்தாகன்னு தெரிஞ்சா, அதுக்கு என்ன குடுக்கிறது?”

அந்த மூன்றாவது அவளிடம் எத்தனை வருஷமாக இருந்ததோ. நான் புத்தகத்தில் போய்த்தான் கண்டுபிடித்தேன்.

“அப்ப நிர்வாகத்தையே எடுத்துக்கிறேன் ஆத்தா.”

“நான் வேணாம்னு சொல்லலையே.” ஒரு சுளையிலிருந்து நாரை உருவி எறிந்தாள். “எடு. என்ன தெரிஞ்சாலும் பரீச்சைத்தாள்லயே எழுதிட்டு வந்துரு. வீட்டுக்குக் கொண்டாராத.”

திங்கட்கிழமை கட்டத்தை நிரப்பித் தபாலில் சேர்த்தேன்.

அயல்நாட்டில் தங்கியோர் பற்றிய கேள்வி தேர்வில் வந்தது. பதிந்துகொண்டவர்கள், பதியாதவர்கள், திரும்பியவர்கள் என்று பிரித்து மூன்று பக்கம் எழுதினேன். கூடுதல் தாளையும் சேர்த்துக் கட்டிக் கண்காணிப்பாளரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். வீடு திரும்பியதும் ஆத்தா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பரீட்சை எப்படி என்று அவள் கேட்கவில்லை.