காது நன்றாகக் கேட்டதால் வந்த கவலை

ஒரு ஊரில் எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்கிறது என்றால் யாராவது கவலைப்படுவார்களா? நான் பட்டேன். சல்லி என்ற ஊரின் கரையில், கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடுகிறவர்களுக்கும் எஞ்சின் வள்ளக்காரருக்கும் காதிலும் உடம்பின் சமநிலையிலும் என்ன கோளாறு வருகிறது என்று பார்க்கிற ஆராய்ச்சி அது. சோதிக்கிறவள் நான். முதல் கட்டத்துக்குக் கொஞ்சம் நிதி தந்திருந்தார்கள். பழுது இருக்கிறது என்று காட்டினால்தான் இரண்டாம் கட்டத்துக்குத் தருவார்கள். அதில் சத்தம் புகாத சோதனை அறையும், தேவையானவர்களுக்குக் காதுக்கருவியும் வாங்குவதாகத் திட்டம். நானோ பழுதே காணவில்லை.

மீனவர் சங்கத்தில் வலை போட்டுவைக்கும் அறையை எங்களுக்கு இரவல் தந்திருந்தார்கள். ஒரேயொரு பிளக் பொயின்ட். ஆகவே மேசைக்கு அந்தப் பக்கம் மிசினோடு நான், இந்தப் பக்கம் கதிரையில் அவர்கள். காதில் ஹெட்போன், கையில் சுவிட்ச். சத்தம் கேட்டால் அமத்த வேண்டும். அமத்தினார்கள். ஹெட்போனை நான் மாட்டிப் பார்த்தபோது எனக்கே கேட்காத மெல்லிய சத்தத்துக்கும் அமத்தினார்கள். ஆனால் சோதனை முடிந்து அவர்கள் கரையில் நடக்கும்போது பின்னாலிருந்து நான், "போயிட்டு வாறன் அண்ணை" என்றால் ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சரியான தலைக்கனம் பிடித்த ஆட்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே பஸ் ஏறுவேன்.

ஆராய்ச்சியை நடத்திய பேராசிரியர் போனில் பெருமூச்சு விட்டார். "காது நல்லா இருக்கிற ஆக்களுக்கு ஆர் பிள்ளை காசு தருவினம்?"

எனக்குக் காசின் கவலையை விட ஒரு மனிதரின் கவலைதான் பெரிது. அவர் ஐம்பதை நெருங்கும் சுழியோடி. கடலுக்குள்ளிருந்து ஏறியதும் தலை சுற்றி, வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். "உங்கட மிசினிட்டக் கேட்டுச் சொல்லுங்கோ தங்கச்சி, எனக்கு என்ன வருத்தம் எண்டு" என்பார். மிசின் அவருக்கு ஒன்றுமில்லை என்றது. அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு எரிச்சலாக இருந்தது.

நிதி தருகிற இடத்திலிருந்து ஒரு அலுவலர் வந்தார். கிண்ணியாக்காரர், கொழும்பில் வேலை. நல்ல உயரம், அதைவிட நல்ல அகலம். சோதனையைக் கிட்ட நின்று பார்க்கப்போவதாகச் சொல்லி, மேசைக்கும் கதிரைக்கும் நடுவில் போய் நின்றார். கதிரையில் இருந்தவர் அந்தச் சுழியோடி.

சத்தத்தை அனுப்பினேன். அமத்தவில்லை. கூட்டினேன். அதற்கும் இல்லை. அவர் இடப்பக்கம் சரிந்தார், வலப்பக்கம் சரிந்தார், கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தார். கடைசியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டு மிகப் பணிவாகச் சொன்னார்:

"சேர், கொஞ்சம் விலகி நில்லுங்கோ. நீங்கள் மறைக்கிறதால எனக்குக் கேக்கேல்லை."

நான் சிரித்தேவிட்டேன். அலுவலர் சிரிக்கவில்லை. "என்னத்தப் பாக்கிறீங்க?" என்று கேட்டார்.

"தங்கச்சியின்ரை கையைத்தான். அது அசைஞ்சா நான் அமத்துவன்."

அவரிடம் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. எஞ்சின் போட்டபிறகு வள்ளத்தில் யாருடைய குரல் யாருக்குக் கேட்கும்? முன்னுக்கு நிற்கிறவன் கையை அசைத்தால் பின்னுக்கு இருப்பவர் வள்ளத்தைத் திருப்புவார். இறங்கு, ஏறு, கயிற்றை இழு, எல்லாம் கைதான். அந்த ஊரில் கை அசைந்தால் கதைத்த மாதிரி. எல்லாரும் அப்படித்தான் அமத்தியதாக அவர் சந்தோசமாகச் சொன்னார். அத்தனை பேருக்கும் நான் பார்த்தது காதை இல்லை, கண்ணை. கரையில் அவர்கள் திரும்பிப் பார்க்காததற்கும் அப்போதுதான் எனக்குக் காரணம் விளங்கியது.

கதிரையைச் சன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். இப்போது அவருக்கு முன்னால் கடல், பின்னால் நாங்கள். முதலில் இருந்து தொடங்கினேன். இரைச்சலான தடித்த சத்தங்கள் சிலவற்றுக்கு அமத்தினார். பிறகு ஒன்றுமில்லை. கூட்டிக் கூட்டி, மிசினில் அதற்குமேல் கூட்ட ஏலாத இடம்வரை போனேன். அவர் அமைதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனநேரம் கழித்துத் திரும்பி, "இன்னும் தொடங்கேல்லையா தங்கச்சி?" என்றார்.

மிசினை நிறுத்தினேன். அலுவலர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பிப் போகும்போது, அத்தனை பேரையும் மறுபடி சோதிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

சோதித்தேன், எல்லாரையும் கடல் பக்கம் திருப்பி இருத்தி. பழுது பழுதாக வந்தது. அதற்குச் சந்தோசப்படுவதா என்று எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் பட்டேன். நிதி வந்தது. சோதனை அறை லொறியில் வந்து இறங்கியபோது ஊரே கூடி நின்று குளிர்பெட்டியா என்று கேட்டது. தலைச்சுற்றுக்கும் காரணம் உள்காதில்தான் என்று வைத்தியர் சொல்லி, சுழியோடியை ஆழத்துக்குப் போகவேண்டாம் என்று மறித்துவிட்டார். இப்போது அவர் முறுமுறுத்துக்கொண்டு வள்ளம் ஓட்டுகிறார்.

முதல் காதுக்கருவி அவருக்குத்தான். மாட்டிவிட்ட அடுத்த நாள் கரையில் அவரைக் கண்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பழக்கதோசத்தில், தொண்டை கிழிய, "அண்ணை, போயிட்டு வாறன்!" என்று கத்தினேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். வலை கையிலிருந்து விழுந்தது.

"ஏன் தங்கச்சி இப்பிடிக் கத்துறியள்?" என்றார். "எனக்குக் கேக்குது தானே."