அப்பா வழி பார்த்த ஞாயிற்றுக்கிழமை

ஒதியம்பட்டில் கோழி வளர்க்கிறவர்கள் யாருக்கும் என் சைக்கிளைப் பிடிக்காது. நான் தெருமுனை திரும்பும்போதே மணிச்சத்தம் கேட்டுக் குஞ்சுகளைக் கூடையால் மூடிவிடுவார்கள். மாற்றலாகிப் போன நர்சம்மா ஒருவர் எங்களிடம் விற்றுவிட்டுப் போன லேடீஸ் சைக்கிள் அது. அதில் மெதுவாகப் போக எனக்குத் தெரியாது. அப்பா அதற்கு நேர் எதிர். டவுன் மில்லில் வேலை. ஆறு நாளும் சங்கு ஊதுவதற்குள் உள்ளே போய்விட வேண்டுமென்று மிதித்துத் தள்ளுகிறவர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் பெடலைத் தடவிக்கொடுப்பதுபோல ஓட்டுவார். கேட்டால், “வண்டிக்கும் லீவு வேணாமா?” என்பார்.

அந்த ஐப்பசியில் எனக்கு ஒரு வேலை வந்தது. ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு, கடலை மடித்து வந்த காகிதம்வரை படித்துத் தீர்த்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். பாகூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர் பிரசவ லீவில் போக, அந்த இடத்துக்கு என்னை வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும். பஸ் என்றால் டவுனுக்குப் போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்து, போய்ச் சேரும்போது பிள்ளைகள் மதியச் சோற்றுக்குக் கை கழுவிக்கொண்டிருப்பார்கள். குறுக்கே சைக்கிளில் போனால்தான் உண்டு.

அம்மா ஒரே பிடியாக நின்றாள். “வயக்காட்டு வழி. பொம்பளப் புள்ள தனியா போவறதா? எவன் எங்க நிப்பான்னு யாருக்குத் தெரியும்?”

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, “வழிய பாத்துட்டு சொல்றேன்” என்றார். அவ்வளவுதான். அவர் சொல்வதுதான் முடிவு என்று அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் இரண்டு சைக்கிளில் கிளம்பினோம். விடாமல் பெய்த மழை முந்தின நாள்தான் ஓய்ந்திருந்தது. வயலெல்லாம் தண்ணீர், தண்ணீரிலெல்லாம் வானம். கரண்டுக் கம்பியில் ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. நான் நெருங்கியதும் இறக்கையை விரித்தது பாருங்கள், அப்படி ஒரு நீலத்தை எந்த ஜவுளிக் கடையிலும் பார்த்ததில்லை. “அப்பா, பாத்தியா?” என்று திரும்பினால் அப்பா எங்கோ பின்னால் ஒரு புள்ளியாக வந்துகொண்டிருந்தார்.

ஆற்றுத் தரைப்பாலத்தின்மேல் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்துவிட்டேன். அப்பா அந்தக் கரையிலேயே வண்டியைச் சாய்த்துவிட்டு, வலை வீசிக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச ஆரம்பித்தார். தண்ணீரைக் காட்டினார். என்னைக் காட்டினார். வலைக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். போச்சு, வெள்ளம் வந்தால் பெண் என்ன ஆவாள் என்றுதான் கேட்டிருப்பார் என்று நினைத்தேன்.

“இன்னாப்பா பேசின?” என்றேன், அவர் பாலத்தைக் கடந்து வந்ததும்.

“மீன் கெடைக்குதான்னு கேட்டேன்.”

“மீனுக்கு என்னைய ஏன் கை காட்டின?”

“நீயும் ஒரு கெண்டதான பாப்பா. ஒரு எடத்துல நிக்கறியா?”

அடுத்து, கூட்டுரோட்டில் மளிகைக் கடை. பாய் எழுந்து வந்து அப்பாவிடம் நலம் விசாரித்தார். அப்பா வாங்கியது பெப்பர்மின்ட். பேசியதோ ஒரு மூட்டை அரிசி வாங்குகிறவர் பேசும் பேச்சு. நான் மணியை அடித்துப் பார்த்தேன். அப்பா திரும்பவில்லை. பாய்தான் என்னை எட்டிப் பார்த்துவிட்டுக் கடைக்குள் மாட்டியிருந்த கடியாரத்தைப் பார்த்தார்.

செலியமேட்டில் மோட்டார் கொட்டகைப் பக்கம் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களிடமும் நின்றார். ஒருத்தி சத்தமாக ஏதோ கேட்க, எல்லோரும் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. அம்மாவிடம் போய் ஒன்றொன்றாகச் சொல்ல அப்பா காரணம் சேர்க்கிறார். ஆறு ஒன்று, கூட்டுரோடு ஒன்று, இது ஒன்று.

பாகூர் ஏரிக் கரை ஏறியதும் கொஞ்ச நேரம் எல்லாம் மறந்துபோனது. ஏரி நிறைந்து கிடந்தது. பனை வரிசையின் நிழல் தண்ணீரில் நெளிந்தது. நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் இறக்கையைக் காயப்போட்டிருந்தன. முக்குளிப்பான் ஒன்று மூழ்கியது. இங்கே எழும் என்று நான் விரல் நீட்டிய இடத்தில் எழாமல் வேறெங்கோ எழுந்தது. தூரத்தில் சிறவி வாத்துக் கூட்டம் தண்ணீரில் எள் தூவியதுபோல மிதந்தது. இந்த வழியாகத் தினமும் போகலாம், தினமும் இதைப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா மதகின்மேல் உட்கார்ந்தார். “ஒங்க இஸ்கோலு எங்க?”

“அதோ, தோப்புக்குப் பின்னாடி.”

“மழ வலுத்தா இந்தக் கர வழுக்குமே?”

எனக்குப் பொறுக்கவில்லை. “வேணாம்னா வேணாம்னு இங்கியே சொல்லிடுப்பா. எதுக்கு வழியெல்லாம் நின்னு காரணம் தேடிகினு வர?”

“காரணமா?” என்று அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சைக்கிளை வீட்டுப் பக்கம் திருப்பி ஏறிவிட்டேன். கோபத்தில் மிதித்தால் வேகம் இன்னும் கூடும். செலியமேடுவரை மூச்சு வாங்காமல் போனேன். அங்கே, சரியாக மோட்டார் கொட்டகைக்கு எதிரில், செயின் கழன்றது.

“ஏ டீச்சரு!”

யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். பாதையில் என்னைத் தவிர ஒரு கொக்குதான் நின்றது.

“உன்னத்தான். மில்லுக்காரரு மவதான நீ? நாளையிலேருந்து இந்த வழியாத்தான் போவப்போறியாமே?”

“யாரு சொன்னா?”

“உங்கப்பாதான். காலையில போவும், சாயங்காலம் திரும்பும், ஒரு கண்ணு வெச்சிக்கங்க, வரலன்னா இன்னான்னு பாருங்கன்னு சொல்லிட்டுப் போனாரு.”

“கூப்புட்டாகூட நிக்காதுன்னாருடி!” என்றாள் இன்னொருத்தி. “செயினு கழண்டுதோ, நின்னுதோ!”

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் கூப்பிட்டவள் வரப்போரம் வந்து, குரலைத் தாழ்த்தி, “எம் பையனும் அங்கதான் படிக்கிறான். கொஞ்சம் வாலு. அடிச்சிடாத, இன்னா?” என்றாள். இன்னும் சேராத வேலையில் எனக்கு முதல் சிபாரிசு வந்துவிட்டது.

விரலெல்லாம் செயின் மை அப்பியிருக்க நான் எழுந்தபோது, அப்பா அதே ஞாயிற்றுக்கிழமை வேகத்தில் வந்து சேர்ந்தார்.

“எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்லப்பா?”

“நீ எங்க நின்ன, சொல்றதுக்கு?”

“அப்ப வழி பாத்தாச்சா?”

“வழியில பாக்க இன்னா இருக்குது? வெயில்னா புழுதி, மழன்னா சேறு. நடுவுல ஆளு இருக்காங்களான்னு பாத்தேன். இருக்காங்க.” சைக்கிளைவிட்டு இறங்காமலே ஒரு காலை ஊன்றிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பெப்பர்மின்ட்டை எடுத்து நீட்டினார்.

அங்கிருந்து வீடுவரை சேர்ந்தே ஓட்டினோம். அவ்வளவு மெதுவாக ஓட்டினால் ஹேண்டில் பார் ஆடும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கூட்டுரோட்டில் நானே இறங்கி பாய்க்கு வணக்கம் சொன்னேன். “காலையில நீ இந்தக் கடையத் தாண்டற நேரத்த வெச்சித்தான் கடியாரத்துக்குச் சாவி குடுக்கப்போறேன்மா, ஏமாத்திடாத” என்றார்.

அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு வலைக்காரரைச் சொன்னார், பாயைச் சொன்னார், செலியமேட்டுப் பெண்களைச் சொன்னார். அம்மா ஒவ்வொருவரையும் பற்றி இரண்டு கேள்வி கேட்டாள். பாயின் சம்சாரத்தைச் சந்தையில் பார்த்திருக்கிறாளாம். அந்த ஒரு பேச்சில் அவள் முகம் பாதி இளகியது. ஆனால் சரி என்று மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை. இரவு படுக்கப் போகும்வரை வரவில்லை.

மறுநாள் காலையில் நான் சைக்கிளை எடுத்தபோது, உள்ளிருந்து ஒரு தூக்குச் சட்டியோடு வந்தாள். அதை ஹேண்டில் பாரில் மாட்டி, ஆடாமல் ஒரு துணியால் கட்டினாள்.

“வேகமா ஓட்டாத. கொழம்பு சிந்தும்.”

தெருமுனைவரை மெதுவாகத்தான் போனேன். கோழிக்காரர்கள் ஆச்சரியப்பட்டிருப்பார்கள். ஆற்றங்கரையில் வலைக்காரர் என்னைக் கண்டு கையைத் தூக்கியபோது, புடவையில் புளிக்குழம்பு வாசனை வீசிக்கொண்டிருந்தது.