நீங்கள் மட்டுமே பார்க்கிற பக்கம்

புதிதாக ஒரு இணையதளம் செய்ய ஆரம்பிக்கிறவர் எங்கள் மென்பொருளில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும். நாற்பது சொச்சம் கோப்புகள் தயாராக வந்து விழும். அதற்குள் ஒவ்வொரு சுவிட்சும் ஏற்கனவே ஏதோ ஒரு பக்கம் போடப்பட்டிருக்கும். அதைத்தான் டீஃபால்ட் என்கிறோம். எந்த சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற ஆறேழு பேரில் நானும் ஒருத்தி. இதற்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்துக்கு வேறொரு கம்பெனி இருக்கிறது, அரியலூரில் வீட்டிலிருந்தே பார்க்கிறேன். இது நானே இழுத்துப் போட்டுக்கொண்டது.

"வேணாம்னா அவங்களே மாத்திக்க மாட்டாங்களா, இதுக்கா இவ்வளவு சண்ட போடுற?" என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். மாற்ற மாட்டார்கள். வாடகைக்கு வருகிறவர்கள் முன்னால் இருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணியில்தான் காலண்டரை மாட்டுவார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும்.

சண்டை எதற்கென்றால், ஒரு பிழைப் பக்கத்துக்கு. தளம் எங்காவது இடறி நின்றால் திரையில் ஒரு பக்கம் வரும். எந்த வரியில் நின்றது, அந்த நேரத்தில் கையில் என்னென்ன விவரம் இருந்தது என்று எல்லாவற்றையும் அது கொட்டிவிடும். தளத்தை எழுதுகிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் தளம் ஊருக்குத் திறந்த பிறகு அதை அணைத்துவிட வேண்டும். பலர் மறந்துவிடுவார்கள், ஆகவே ஆரம்பத்திலேயே அணைத்துக் கொடுப்போம் என்றார் ஐரோப்பாவில் இருக்கும் ஒருவர். நான் விடுவேனா. கல்லூரியில் நான் முதல் தளம் எழுதியபோது வெறும் வெள்ளைத் திரையைப் பார்த்து ஏன் நின்றது என்று தெரியாமல் லேபில் உட்கார்ந்து அழுதவள். புதிதாகக் கற்கிறவள் இன்னொருத்தி அப்படி அழக்கூடாது என்று மூன்று வாரம் மல்லுக்கட்டி ஜெயித்தேன். பக்கத்தின் தலையில் மஞ்சள் பட்டை வைத்து, ஆங்கிலத்தில் ஒரு வரியும் எழுதினேன். 'பயப்படாதீர்கள். இந்தப் பக்கத்தை நீங்கள் மட்டுமே பார்க்கிறீர்கள்.' அந்த வரியில் எனக்கு ரொம்பப் பெருமை.

இரண்டு வருஷம் கழித்து, குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் பட்டது.

கணவரிடம் சொல்லவில்லை. அவருடைய அக்காவை நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே நோய் கொண்டுபோயிற்று. அப்போது ஒரு மாதம் அவர் சிமெண்ட் ஆலை வேலைக்கே போகவில்லை. சோறு எடுத்து வைத்தால் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இன்னொரு தடவை அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. என்னவென்று தெரிந்துகொண்டு, ஒன்றுமில்லை என்றால் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். அரியலூரில் எந்த ஸ்கேன் சென்டருக்குப் போனாலும் தெரிந்த முகம் இருக்கும். பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று பொய் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஒரு மணி நேரப் பயணத்தில் நாலு தடவை சேலைக்கு மேலாகவே தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஸ்கேன் சென்டரில் சீட்டுப் பதிகிற பெண் எல்லாவற்றையும் கேட்டுத் தட்டினாள். பேர், வயசு, ஊர், போன் நம்பர், என்ன தொந்தரவு.

"வூட்டுக்காரர் பேரு சொல்லுங்கக்கா."

"அது எதுக்கு?"

"டிவில வரும்ல. டோக்கன், உங்க பேரு, கணவர் பேரு. அப்பதான கூப்புட முடியும்."

நிமிர்ந்து பார்த்தேன். அவள் தலைக்கு மேலே, சுவரில் உயரமாக ஒரு டிவி. இன்னார் மனைவி இன்னார் என்று வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது. என் பேரில் ஊரில் ஆயிரம் பெண்கள் இருப்பார்கள். அவர் பேரும் சேர்ந்தால் அது நான்தான்.

"காலியா வுடும்மா."

"கட்டம் இருக்குங்களே."

"கட்டம் இருந்தா இருக்கட்டும். எனக்கா ஸ்கேன், அவருக்கா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று. காலியாக விட்டாள். பதினேழாம் நம்பர் சீட்டோடு சுவரோரம் போய் உட்கார்ந்தேன்.

பதினாறாம் நம்பர் உள்ளே போனது. டிவி ஒரு முறை கண் சிமிட்டியது. அடுத்து வந்தது மஞ்சள் பட்டை.

டிவியில் ஓடுவது எங்கள் மென்பொருளில் செய்த தளம் என்று ஒரு எழுத்துகூடப் படிக்காமலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கணவர் பெயரை எதிர்பார்த்துப் போன நிரல் காலிக் கட்டத்தில் இடறி நின்றிருக்கிறது. அதன் கையில் அந்த நேரத்தில் இருந்தது என் விவரம். என் பேர், வயசு, ஊர், போன் நம்பர், கடைசியில் ஆங்கிலத்தில் 'இடது மார்பில் கட்டி, மூன்று வாரமாக'. அதற்கெல்லாம் மேலே, கொட்டை எழுத்தில், பயப்படாதீர்கள் என்று நான் எழுதிய வரி.

ஹாலில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். நிறைய பேருக்கு அது ஏதோ ரிப்பேர். முன்வரிசையில் கல்லூரிப் பெண் ஒருத்தி மட்டும், அம்மாவுக்குச் சொல்லுகிறேன் என்று ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். அந்த அம்மா "அய்யோ பாவம், யாரு பெத்த புள்ளயோ" என்று உச்சுக்கொட்டினார்.

"அத அணைம்மா" என்று போய் நின்றேன். பதிவுப் பெண்ணுக்கு அவள் தலைக்கு மேல் நடப்பது தெரியாது. எட்டிப் பார்த்துவிட்டு, "ரிமோட்டு டாக்டர் ரூம்ல இருக்குக்கா, பேஷண்ட் வெளிய வரட்டும்" என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி ஒரு பிளக்கைப் பிடுங்கினேன். ஃபேன் நின்றது. முப்பது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்ததைப் பிடுங்கியதும்தான் டிவி அணைந்தது.

இறங்கும்போதுதான் கடைசி வரிசையில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தேன். என் கணவரோடு ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவர், அன்று லீவு போலிருக்கிறது. பக்கத்தில் அவருடைய அப்பா. கண் சந்தித்ததும் அவர் குனிந்து செல்போனைப் பார்த்துக்கொண்டார். படித்துவிட்டார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா.

டாக்டரம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "நீர்க்கட்டிதாம்மா. பயப்பட ஒண்ணும் இல்ல. மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ வா" என்றார். மூன்று வாரமாக அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஏங்கிக் கிடந்தேன். காதில் விழுந்தது, மனசில் இறங்கவில்லை. வெளியே ஓடி வந்தேன், கடைசி வரிசை காலி.

திரும்பும் பஸ்ஸில் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். கணவரிடமிருந்து அழைப்பில்லை. சாதாரணமாகச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிடுகிற மனிதர். நானே கூப்பிடலாம் என்று எடுப்பேன், என்னவென்று ஆரம்பிப்பது என்று வைத்துவிடுவேன்.

வீட்டுக்குப் போனால் அவர் ஷிப்டு முடியாமலே வந்து உட்கார்ந்திருந்தார். சட்டையில் சிமெண்ட் தூசிகூடப் போகவில்லை.

"காலேஜ் எப்புடிப் போச்சு?" என்றார்.

அந்தக் குரலே போதுமாயிருந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீர்க்கட்டிதான் என்பதை முதலில் சொல்லாமல் கடைசியில் சொன்னேன், முட்டாள் மாதிரி.

"போன் வந்துச்சு" என்றார். "அண்ணி பெரம்பலூர்ல ஸ்கேன் எடுக்க வந்துருக்காங்க, நீ வூட்டுக்குப் போன்னு மட்டும் சொன்னான். என்னன்னு கேட்டா சொல்லல. மூணு மணி நேரமா எங்கக்காவ நெனச்சுக்கிட்டு உக்காந்துருந்தேன்."

எதை நடக்கவிடக் கூடாது என்று பொய் சொன்னேனோ, அதை நானே நடத்தி முடித்திருந்தேன். அதன் பிறகு அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. கேட்டதற்குப் பதில், அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஒரு வாரம் அப்படியே போயிற்று.

அந்த வாரத்தில் அந்த சுவிட்சை அணைத்துக் கொடுப்போம் என்று குழுவில் எழுதினேன். கற்கிறவர்கள் பயந்துபோவார்கள் என்று நான் அன்று எழுதியதையே எடுத்து என்மேல் வீசினார் ஒருவர். நியாயம்தான். ஒரு காத்திருப்பு ஹாலில் இந்தப் பக்கத்தைப் பார்த்தேன், அதில் இருந்தது என் விவரம் என்று மட்டும் பதில் போட்டேன். அதற்குப் பிறகு யாரும் எதிர்க்கவில்லை. ஆனாலும் என் பயம் போகவில்லை. டீஃபால்ட்டை மாற்றினால் இனி பிறக்கப்போகிற தளங்களுக்குத்தான் அது பொருந்தும். ஏற்கனவே பிறந்தவை எத்தனை ஊரில், எத்தனை சுவரில் ஓடுகின்றனவோ. பெரம்பலூர் சென்டருக்குப் போன் செய்தேன். அதைச் செய்து கொடுத்தவர் வெளிநாடு போய்விட்டாராம். நானே வந்து ஒரு வரியை மாற்றித் தருகிறேன் என்றேன். "பிளக்கப் புடுங்கின அக்காவா?" என்று கேட்டு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள் அந்தப் பதிவுப் பெண்.

சனிக்கிழமை காலையில் மாற்றத்தை அனுப்ப உட்கார்ந்தபோது கணவர் டீயோடு வந்து பின்னால் நின்றார்.

"அந்தப் பக்கம் இதானா?"

"ம்."

"மேல என்ன எழுதிருக்கு?"

படித்து, தமிழில் சொன்னேன்.

திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். "அந்த ஹால்ல இருந்த அத்தன பேரும் பாத்துருக்காங்க" என்றார். "நான் ஒருத்தன்தான் பாக்கல."

அந்த வரியை அழித்தேன். மாற்றம் போய்ச் சேர்ந்தது. பிறகு அவர் டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"மூணு மாசம் கழிச்சுப் போவயில எம் பேரக் குடு" என்றார். "காலியா வுடாத."