கேஜ் வைக்காமல் இறக்க விடவில்லை

நான் எட்டாவதோடு பள்ளியை விட்டவன். தேர்வாய் கண்டிகை தொழிற்சாலைகளுக்கு என் பழைய லாரியில் லோடு அடிக்கிறேன். வண்டியில் சின்னச் சத்தம் கேட்டாலும் பயந்து ஓரம் கட்டிவிடுவேன்.

சென்ற மாதம் லாரி காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தது. வெள்ளைப் புகை வேறு. ஷெட்டில் மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்டதுமே, "சிலிண்டர்ல காத்து அழுந்தல, கம்ப்ரஷன் இல்ல நைனா. பிஸ்டன் ரிங் தேஞ்சி போச்சு. இன்ஜின இறக்கிடலாம்" என்றார். இன்ஜினைக் கழற்றி இறக்கினால் வாரக்கணக்கில் வண்டி நிற்கும். என் லோடு வேறு லாரிக்குப் போய்விடும்.

நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"கம்ப்ரஷன் கேஜ் வச்சி அளந்து பாரு. அப்பால இறக்கு."

"இன்னா, எனக்கே கிளாஸ் எடுக்கிறியா?"

"பாக்காம ஒரு போல்ட்டக் கூட தொட விடமாட்டேன்."

முனகிக்கொண்டே வைத்தார். மூன்றாவது சிலிண்டரில் மட்டும் கேஜின் முள் பாதியில் நின்றது. ரிங் தேய்ந்திருந்தால், உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டதும் அது இடுக்கை அடைத்து முள் ஏற வேண்டும். விட்டுப் பார்த்தார், ஏறவில்லை. இன்ஜினின் மேல்மூடியைக் கழற்றினார். அந்த சிலிண்டரின் வால்வை அழுத்தித் திறக்கும் டேப்பெட்டில் இடைவெளியே இல்லை. வால்வு முழுதாக மூடாமல் காற்று கசிந்திருக்கிறது.

"எவன்யா இத்த இப்புடி டைட்டு வச்சது?"

நான்தான். டேப்பெட்டிலிருந்து வந்த டிக் டிக் சத்தத்துக்குப் பயந்து, அதற்குப் பத்து நாள் முன்பு நானே ஸ்பேனர் போட்டு முடுக்கியிருந்தேன். ஒப்புக்கொண்டேன்.

"மொதல்ல உன் பயத்த இறக்கி வேல பாக்கணும்" என்று சிரித்தார். இடைவெளியைச் சரியாக வைத்ததும் முள் மற்ற சிலிண்டர்களுக்குச் சமமாக ஏறியது.

இப்போதும் டேப்பெட் சத்தம் கேட்டால் பயம்தான். ஆனால் ஸ்பேனரைத் தொடாமல் ஷெட்டுக்குப் போகிறேன். அங்கே யார் என்ன சொன்னாலும், முள்ளை என் கண்ணால் பார்க்காமல் இன்ஜினை இறக்க விடமாட்டேன்.